தலை தட்டி ஒரு தோட்டா!

அரிசியைப் படியால் அளப்பதா, தராசில் நிறுப்பதா? நம் பாட்டிகள் காலத்து வழக்கு இது. படிக் கட்சி தோற்று, இன்று எல்லாம் கிலோ கணக்குதான். ஆனால் அமெரிக்காவில் இதே வழக்கு இன்னும் தீர்ப்பாகாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே அளக்கிற சரக்குதான் கொஞ்சம் வேறு. துப்பாக்கி மருந்து!

பதற வேண்டாம். அங்கே வேட்டைக்காரர்களும், குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே தயார் செய்துகொள்வது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. 'ஹேண்ட்லோடிங்' என்று பெயர். சுட்டு முடித்த பித்தளைக் குப்பியை எறியாமல் சுத்தம் செய்து, அடியில் புது ப்ரைமர், நடுவில் மருந்து, வாயில் புல்லட். ஆச்சு, தோட்டா ரெடி. (நம் ஊரில் ஆசைப்பட்டு இறங்கிவிடாதீர்கள், சார். 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 வருடம். அதிகபட்சம் ஆயுள்!)

மருந்தின் எடையை 'கிரெயின்' கணக்கில் சொல்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அதாவது ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ஏதோ ஒரு காலத்து பார்லி மணியின் எடை. நம் குண்டுமணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தலைவலிக்குப் போடுகிற ஆஸ்பிரின், 300 என்று ரவுண்டாக இல்லாமல் 325 மில்லிகிராம் என்று ஒரு மாதிரியாக இருக்கிறதே, ஏன்? அது பழைய 5 கிரெயின் மாத்திரை!

கருமருந்துக் காலத்தில் தகராறே இல்லை. ஒரு சின்னக் குவளையில் மொண்டு தலை தட்டினால் போதும். அமெரிக்க ராணுவம் 1873-ல் எடுத்துக்கொண்ட தோட்டாவுக்கு .45-70 என்று பெயர். முதல் எண் குண்டின் குறுக்களவு, இரண்டாவது 70 கிரெயின் கருமருந்து. மருந்து கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பெரிய சேதம் வராது.

1884-ல் பிரான்சில் பால் வியேய் என்பவர் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். வந்தது வினை. கருமருந்தைவிடப் பல மடங்கு வீரியம். மக்களோ குவளைக்குப் பழகியவர்கள். அவர்களுக்காகவே சில கம்பெனிகள் 'பல்க்' என்று ஒரு ரகம் போட்டன. கருமருந்து எத்தனை குவளையோ, இதுவும் அத்தனை குவளை. எடையில் குறைவு, ஆனால் வேலை ஒன்றே. கூடவே 'டென்ஸ்' என்று இன்னொரு ரகமும் கடைக்கு வந்தது. அதைக் கண்டிப்பாக நிறுத்துத்தான் போட வேண்டும். இரண்டுமே 'புகையில்லா மருந்து'தான். பழைய குவளையில் புது டென்ஸை மொண்டு போட்டவர்களின் துப்பாக்கி, முகத்துக்கு அரையடி தூரத்தில் வெடித்துச் சிதறியது.

இந்தப் படிக் கணக்கு இன்னும் போகவில்லை. கருமருந்துக்கு மாற்றாக விற்கும் 'பைரோடெக்ஸ்' இன்றும் குவளைக் கணக்குதான். குவளையின் மேல் போட்டிருக்கும் எண்ணோ கிரெயின்! எடைக்கான பெயரைக் கொள்ளளவின் மேல் ஒட்டிவைத்த இந்த ஆசாமிகளிடம் கணக்குப் பரீட்சை எழுதினால், பி.காம். படித்த நானே ஃபெயில்தான்.

டெக்சாஸில் இருக்கும் என் அத்தான் இதில் பழுத்தவர். "படியிலே அரிசியை மெதுவாகக் கொட்டினால் ஒரு அளவு, குலுக்கிக் கொட்டினால் ஒரு அளவு. மருந்தும் அப்படித்தான் மாப்ளே" என்றார். அவரிடம் இருக்கும் கருவி, மேலே ஒரு புனல், நடுவில் குழியுள்ள உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஏற்றினால் குழி நிரம்பும்; இறக்கினால் குப்பிக்குள் கொட்டும். புனலில் மருந்து குறைந்தால் அளவு மாறும். கைப்பிடியை வேகமாக அடித்தால் மாறும். மருந்தின் உருவமும் முக்கியம். ஜவ்வரிசி மாதிரி உருண்டையான ரகம் தண்ணீராக இறங்கும். உடைத்த சேமியா மாதிரி குச்சியாக இருக்கும் ரகம் உருளையின் விளிம்பில் மாட்டி, 'கறுக்'கென்று வெட்டுப்படும். அந்தச் சத்தம் கேட்டாலே அத்தான் கொட்டிவிட்டு மறுபடி அளக்கிறார்.

இதைவிட எளிமையாக லீ கம்பெனியின் மஞ்சள் பிளாஸ்டிக் கரண்டி செட் இருக்கிறது. 0.3 சி.சி.யிலிருந்து 4.3 வரை மொத்தம் 15 கரண்டி. எந்த மருந்துக்கு எந்தக் கரண்டி என்று அட்டவணை உண்டு. அட்டவணையில் வரி மாறிப் பார்த்தால் அதோகதி. ஒரே கரண்டியில் இரண்டு வேறு மருந்துகள், எடையிலும் வேறு, எரிகிற வேகத்திலும் வேறு.

சரி, எதுதான் துல்லியம்? வேடிக்கையே இங்கேதான். உலகத்திலேயே மிகத் துல்லியமாகச் சுடுகிறவர்கள் 'பெஞ்ச்ரெஸ்ட்' போட்டிக்காரர்கள். 100 கஜம், 200 கஜம் தூரத்தில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டைக்குள் போடப் பார்க்கிற ஜாதி. இவர்களில் பலர் தராசைத் தொடுவதே இல்லை! மைதானத்திலேயே உட்கார்ந்து, வெயிலுக்கும் ஈரத்துக்கும் தகுந்த மாதிரி கருவியை ஒன்றிரண்டு 'க்ளிக்' திருகி அளந்து போடுகிறார்கள். அந்தத் தூரத்தில் சின்ன எடை வித்தியாசம் இலக்கில் தெரிவதில்லை. 1,000 கஜத்துக்காரர்கள் கதையே வேறு. குண்டின் வேகம் விநாடிக்கு 20 அடி கூடிக் குறைந்தாலே இலக்கில் அரையடி ஏறி இறங்கும். அவர்கள் தோட்டாவுக்குத் தோட்டா எலெக்ட்ரானிக் தராசில் நிறுக்கிறார்கள். ஆக, பத்தாவது கிரெயினுக்காக மண்டையை உடைத்துக்கொள்வது தூரத்தைப் பொறுத்தது என்பது என் கட்சி.

அத்தானுக்குத் துல்லியத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒரே குப்பியில் தெரியாமல் இரண்டு தரம் கொட்டிவிடுவது. வழக்கமான ரைஃபிள் லோடில் பயமில்லை. இரண்டாவது அளவு வழிந்து காட்டிக் கொடுத்துவிடும். குறைந்த வேகத்துக்காக, சீக்கிரம் எரியும் மருந்தைக் கொஞ்சமாகப் போடும்போதுதான் ஆபத்து. பெரிய குப்பிக்குள் இரண்டு பங்கும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது விரலோ கண்ணோ போகலாம்.

அதனால் மருந்து அளக்கிற அறையில் டி.வி. கிடையாது, போன் கிடையாது, பேச்சும் கிடையாது. மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா. பத்து குப்பிக்கு ஒன்றைத் தராசில் போட்டுச் சரிபார்க்கிறார். கடைசியில் ஐம்பது குப்பியையும் மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்க்கிறார். மட்டம் எங்கேயாவது உயர்ந்து தெரிந்தால் அந்தக் குப்பி காலி.

"இவ்வளவு கவனமாக ஒரு நாள் ரசத்துக்கு உப்பு போட்டிருப்பாரா, கேளுங்க" என்கிறார் அக்கா. கதவுக்கு வெளியே நின்றபடிதான்.