வைஸ்ராயின் ஆலயத்தில் மக்களின் பாடல்

புதுதில்லி: குடியரசுத் தலைவர் மாளிகையைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர், அதன் அருகே மரங்களுக்கிடையே நிற்கும் மீட்பர் பேராலயத்தைக் கவனியாமலேயே திரும்பி விடுகின்றனர். உள்ளே நுழைவோரை முதலில் வரவேற்பது அமைதி. கனத்த கற்சுவர்களும் உயரத்தில் அமைந்த சிறு சாளரங்களும் தில்லியின் வெயிலை வெளியே நிறுத்துகின்றன.

ஹென்றி மெட் வடிவமைத்த இப் பேராலயத்துக்கு 1927-ல் வைஸ்ராய் இர்வின் அடிக்கல் நாட்டினார். 1931-ல் இது அர்ப்பணிக்கப்பட்டது. "வைஸ்ராயின் தேவாலயம்" என்றே அழைக்கப்பட்டது. வைஸ்ராய்கள் போய்விட்டனர், பாட்டு போகவில்லை. 1970-ல் உருவான வட இந்தியத் திருச்சபையின் பேராலயம் இன்று இது. குழாய் ஆர்கனின் நாதம் வளைந்த கற்கூரையின் கீழ் பரவ, கிறிஸ்துமஸ் கீதங்களை இங்கு பாடுவோர் இந்தியர்களே.

காந்தியடிகள் விரும்பிய "அபைட் வித் மீ" கீதம், அருகிலுள்ள விஜய் சௌக்கில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் பல்லாண்டுகளாக இசைக்கப்பட்டு வந்தது. 2022-ல் அது நீக்கப்பட்டது. இந்திய மெட்டுகளே பொருத்தமானவை என்றது அரசுத் தரப்பு. 2025 கிறிஸ்துமஸ் காலையில் பிரதமர் மோடி இப் பேராலய வழிபாட்டில் பங்கேற்றார், கீதங்களும் ஒலித்தன.

அந்நியர் கட்டியதை இந்தியர் தமதாக்கிக் கொண்டதற்கு இப் பேராலயமே சான்று. ஆலயத்துக்குள் நம்முடையதாகும் பாட்டு, பொது வீதிக்கு வந்ததும் அந்நியமாகிவிடுமா? பாடல் பிறந்த இடத்தை வைத்து உரிமையை அளப்பதா, பாடுகிறவர்களை வைத்து அளப்பதா என்பதே தலைநகரின் முன் நிற்கும் கேள்வி.