பஸ் காசு யார் தருவது?

"என்.ஜி.ஓ.க்களுக்கு வெளிநாட்டுலேர்ந்து கோடி கோடியா வருதாமே, அப்புறம் எதுக்கு நம்ம தெருவுக்கு ரசீதுப் புத்தகத்தோட வர்றாங்க?" என்று கேட்டார் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்த அண்ணன். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாக ஆரம்பித்தேன்.

வசூலுக்கு வந்தது கொத்தடிமைகளை மீட்கிற ஒரு சின்னக் குழு. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் எழுந்து சூளைக்குப் போகாது. ஒரு மனுஷி போக வேண்டும். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, விசாரணையன்று அந்தக் குடும்பத்தோடு கூட நின்று, விடுதலைச் சான்று கைக்கு வரும்வரை அலைய வேண்டும். பிறகு வழக்கு, வாய்தா மேல் வாய்தா. செலவு என்ன? பஸ் காசு, ஜெராக்ஸ், மீண்டு வந்தவர்களுக்கு நாலு நாள் சாப்பாடு, வக்கீல் ஃபீஸ், அலைகிற பெண்ணுக்குச் சம்பளம். ரிப்பன் வெட்டித் திறந்துவைக்க இதில் ஒரு கட்டடமும் கிடையாது.

வெளிநாட்டுப் பணம் வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும். எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்வார்கள். அதுவும் முதலில் 1976-ல், அதே நெருக்கடிநிலைக் காலத்தில் வந்ததுதான். இப்போது இருப்பது 2010-ல் இயற்றியது. பதிவு கேட்கிற அமைப்பு மூன்று ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும்.

"பதினஞ்சு லட்சம் இருந்தா அவங்க ஏன் கேட்கப் போறாங்க?" என்றார் அண்ணன்.

சிக்கல் அங்கேதான். முன் அனுமதி என்று இன்னொரு வழி உண்டு. அதற்கு, இன்னார் இந்த வேலைக்கு இவ்வளவு தருகிறார் என்று உறுதிக் கடிதம் வேண்டும். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாத குழுவை எந்த வெளிநாட்டு அறக்கட்டளை தேடி வரும்? அதனால் சின்னக் குழுக்கள் நெடுங்காலம் வேறு மாதிரி பிழைத்தன. பதிவு உள்ள ஒரு பெரிய அமைப்பு மொத்தமாக நிதி வாங்கும். அதைச் சின்னத் தொகைகளாகப் பிரித்து, பதிவு பெற்ற சிறிய அமைப்புகளுக்கும், அனுமதி வாங்கி மற்றவற்றுக்கும் கொடுக்கும். அறிக்கையும் தணிக்கையும் பெரிய அமைப்பின் பாடு.

2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அதை நிறுத்தியது. வெளிநாட்டு நன்கொடையை வாங்கியவர் வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது, அவரும் பதிவு பெற்றவராக இருந்தாலும் கூட. பணம் கைமாறிக் கைமாறிப் போனால் எங்கே செலவானது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அரசின் வாதம். உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவற்றைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் எனக்குத் துளியும் மறுப்பில்லை. ஆனால் மடையில் நீர் திருட்டுப் போகிறது என்றால் காவல் போடலாம். மடையையே அடைத்துவிட்டால் கடைமடைக்காரன் என்ன செய்வான்?

அதே திருத்தத்தில் இன்னொன்று. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எது நிர்வாகச் செலவு என்று விதிகளைப் படித்தால்தான் வலிக்கும். வாடகை, வாகனச் செலவு, கணக்கு எழுதும் செலவு, அறிக்கை தயாரிக்கும் செலவு, சட்ட ஆலோசனைக் கட்டணம் எல்லாம் அதில் வருகின்றன. மருத்துவமனையில் டாக்டர் சம்பளமும் பள்ளியில் ஆசிரியர் சம்பளமும் அதில் சேராது என்று விதியே உதாரணம் காட்டிச் சொல்கிறது. சூளைக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறவரின் சம்பளம் எந்தப் பக்கம்? உதாரணத்தில் அவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டில் எப்படியோ, மீட்புக் குழுவுக்கு வக்கீல் அப்படி. அந்த ஃபீஸைப் போய் மேல்செலவு என்று எழுத வேண்டியிருக்கிறது.

"நம்ம ஊர் கம்பெனிங்க தரலாமே?" தரலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அது பள்ளிக் கழிப்பறைக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் போகும். அவையும் வேண்டியவைதான். சூளை முதலாளி மேல் வழக்குப் போடுகிறவருக்கு அந்தப் பணம் போவது அபூர்வம்.

வெளியே கையேந்தாமல் நடத்தியவர்களும் இருக்கிறார்கள். ராஜஸ்தானில் 1990-ல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலானோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், நிறுவன நிதியும் வெளிநாட்டு நிதியும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. தனி மனிதர்கள் தருவதுதான் வருமானம். முழுநேர ஊழியர்கள் எடுத்துக்கொள்வது கூலித் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி அளவுக்குத்தான். ஊராட்சிக் கணக்கை ஊர்முன் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டவர்கள், தங்கள் கணக்கையும் ஊர்முன் வைத்தார்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்ததற்கு அவர்களுடைய போராட்டம் ஒரு பெரிய காரணம். அவர்கள் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. ஆனாலும் குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய ஒரு பெண்ணிடம் போய், நீயும் அப்படி இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால்தான் அண்ணே, தெருவில் வருகிற ரசீதுப் புத்தகம் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். உள்ளூர்க்காரர் தரும் இருநூறு ரூபாய்க்கு 20 சதவீதக் கட்டு இல்லை. அதைப் பஸ்ஸுக்கும் கொடுக்கலாம், வக்கீலுக்கும் கொடுக்கலாம். மாதாமாதம் வந்தால் இன்னும் நல்லது. வாய்தா எத்தனை வருஷம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷத் திட்டத்தோடு நிதி நின்றுவிட்டால் வழக்கு பாதியில் நிற்கும்.

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "மருமகன் சிங்கப்பூர்ல இருக்கான். அவன் அனுப்பினா வெளிநாட்டுக் காசு ஆயிடுமா?"

நல்ல கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், தஞ்சாவூரில் பிறந்தவரானாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். பதிவு இல்லாத குழு அதைத் தொடக்கூடாது. பி.ஆர். எனப்படும் நிரந்தரவாசி உரிமை மட்டும் என்றால் பாஸ்போர்ட் இன்னும் இந்தியாவுடையதுதான்.

"அவன் ஐ.சி. கார்டு பி.ஆர். நீலமா, குடிமகன் ரோஸான்னு கேட்கணும்" என்று அண்ணன் போனை எடுத்தார்.