36 மி.மீ. வந்தது எப்படி?

பழைய 35 மி.மீ. பிலிம் காமிரா ஒன்று கிடைத்தால், உள்ளே பிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பின்மூடியைத் திறந்து பாருங்கள். படம் பதியும் சாளரம் பெரும்பாலும் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் இருக்கும். அதன் பின்னுள்ள மெல்லிய திரையைத் தொட்டுவிடாதீர்கள்!

ஏன் இந்த அளவு?

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், நுண்ணோக்கிகள் செய்யும் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர் ஆஸ்கர் பர்னாக். ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தகடுகளுடன் கனத்த காமிராவைச் சுமந்து நடக்க அவரால் இயலவில்லை. சினிமா பிலிமைப் பயன்படுத்தினால் காமிரா சிறியதாகிவிடுமே என்று எண்ணினார்.

ஆனால் ஒரு சிக்கல். சினிமாவில் ஒரு படத்தின் அளவு 18 × 24 மி.மீ. தான். அதைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பர்னாக் என்ன செய்தார்? சினிமாக் காமிராவில் மேலிருந்து கீழாக ஓடும் பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டார். இரு படங்களின் இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார். 18 + 18 = 36!

மாதிரிக் காமிரா 1914-க்குள் உருவாயிற்று. போர் குறுக்கிட்டது. 1925-இல் லைப்சிக் சந்தையில் ‘லைகா’ என்ற பெயருடன் அது அறிமுகமாயிற்று.

இன்று ‘ஃபுல் பிரேம்’ டிஜிட்டல் காமிராக்களில் பிலிமே இல்லை. ஆயினும் ஒளியை வாங்கும் உணரியின் அளவு ஏறத்தாழ அதே 36 × 24 மி.மீ.! பழங்கருவிகளைச் சேர்க்கும் நண்பர்களே, ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள், “ஏன் இந்த அளவு?” என்று கேளுங்கள்.