ஈரலைத் தொடாத வைத்தியம்

பிளேன்டீ வந்துவிட்டது. சீனி அரைக் கரண்டிதான் போடச் சொன்னேன். கோபிக்க வேண்டாம், இன்றைய பேச்சு அப்படிப்பட்டது.

கல்முனைப் பக்கம் ஒருவருக்கு ஸ்கேனில் ‘கொழுப்பு ஈரல்’ என்று வந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, “குடியே அறியாத மனிசனுக்கு ஈரல் வருத்தமா?” என்பதுதான். வரும். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் 2007இல் ராகமையில் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயதுக்காரர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மதுவோடு சம்பந்தமில்லாத ஈரல் கொழுப்பு இருந்தது.

ஈரலை நெல் அடுக்கும் அறையாக வைத்துக்கொள்வோம். எடுப்பதைவிட வருகிற மூடை கூடினால் நடைபாதையிலும் அடுக்கத்தான் வேண்டும். சோற்றிலும் சீனியிலும் மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக்கித் தனக்குள்ளேயே அடுக்குகிறது. சிலருக்கு அது அழற்சியாகும், அதாவது உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் புண். பிறகு வடு விழும்.

அந்த மூடைகளை இறக்குவதற்காகச் செய்யப்படும், எடை குறைக்கும் சிகிச்சைகளுக்கு இப்போது வருவோம். “குழாய் விட்டு ஈரல் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்களாம்” என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இவற்றில் ஒன்றுகூட ஈரலைத் தொடுவதில்லை. வாய்வழியாக இரைப்பைக்குள் ஒரு பலூனை இறக்கி உப்புநீர் நிரப்புவது ஒன்று. எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளிருந்தே இரைப்பையைத் தைத்துச் சுருக்குவது இன்னொன்று. வயிற்றில் சிறு துளைகள் இட்டு இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுப்பது மூன்றாவது. மூன்றும் வேலை செய்வது வாசலில்தான். வரவு குறைந்தால் உடம்பு சேமிப்பில் கை வைக்கும். ஈரலின் சேமிப்பு முந்திக் கரையும்.

உறிஞ்சியும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 15 பெண்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பைக் கிலோக் கணக்கில் எடுத்தார்கள். 2004இல் வெளியான முடிவு: ஈரல் இன்சுலினுக்குக் கீழ்ப்படியும் விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

80 கிலோ ஆள் 4 கிலோ இறங்கினாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 8 கிலோ இறங்கினால் வடுவும் மங்க வாய்ப்புண்டு. நடந்தும் சோற்றைக் குறைத்தும் இறங்கினாலும் கணக்கு இதேதான். முயன்றும் முடியாதவருக்கே பலூனும் தையலும். பலூனைப் பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டுப் பழக்கம் மாறாதிருந்தால் மூடைகள் திரும்பி வரும்.

வடு முற்றி, உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் புடைத்தவர்களுக்குப் பலூன் வைப்பதில்லை. ஆகவே அடுத்த கிளினிக்கில் “கொழுப்பு எவ்வளவு?” என்பதோடு நிற்காமல், “வடு விழுந்திருக்கிறதா, டொக்டர்?” என்றும் கேளுங்கள்.