அனுப்புமுன்பே வந்த பணம்!

அருப்புக்கோட்டை வியாபாரி திருச்சுழிக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய நேரம் மணி 10. வந்து சேர்ந்தது 9.58!

மாயமா? இல்லை! அங்கே விண்டோஸ் கணினி; இங்கே லினக்ஸ் கணினி. இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. சூடு ஏறினால் கடிகாரப் படிகத்தின் துடிப்பு மாறும், நேரம் பிசகும். தவணையின் கடைசி நிமிஷமானால் வீண் வழக்குத்தான்!

1985-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மில்ஸ் இதற்கு வழி கண்டார். "மணி என்ன?" என்று நேரம் சொல்லும் கணினியை மற்றக் கணினிகள் கேட்கும். கேள்வி போய்ப் பதில் வரும் நேரத்தில் பாதியைச் சேர்த்துத் திருத்திக்கொள்ளும். விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் கேள்வி ஒன்றே!

இந்திய நேரத்தைக் காப்பவை டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள். நிறுவனக் கணினிகள் அந்நேரத்தோடு ஒத்திருக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் மத்திய அரசு உத்தரவிட்டது.

ஊர் இரண்டானாலும் மணி ஒன்றுதானே!