ஒரு பிட் புரண்டால்

"எழுபது பர்சென்ட் வரைக்கும் நல்லா ஓடுது, அப்புறம் எரர் காட்டி நின்னுடுது" என்று சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு, சர்வீஸ் கடையில் மூடியைக் கழற்றும் முன்பே தீர்ப்பு கிடைத்துவிடுகிறது: "ஃபார்மட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போட்டுடலாம் சார்." பல நேரம் அது பலிக்கவும் செய்யும். பலிக்காதபோதுதான் வேடிக்கை. போடப்போன விண்டோஸே பாதியில் நிற்கும். 80070570 என்று முடிகிற எண்ணைக் காட்டி, தேவையான கோப்பு சிதைந்திருக்கலாம் என்று சொல்லும். பென்டிரைவை மாற்றிப் பார்ப்பார்கள், மறுபடி டவுன்லோடு செய்வார்கள், ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிப்பார்கள். ரேம் பக்கம் பார்வை திரும்புவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும்.

நிறுவும்போது வருகிற கோளாறுக்கெல்லாம் ரேம்தான் காரணம் என்று சொல்லவரவில்லை. டிஸ்க்கில் இடம் போதாமை, ஆன்டிவைரஸ் ஏதோ ஒரு கோப்பைப் பிடித்து ஒதுக்கிவைத்தது, 64 பிட் நிரலை 32 பிட் விண்டோஸில் போடப் பார்த்தது, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் இல்லாமை என்று காரணங்கள் நிறைய. அவற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு. எத்தனை முறை முயன்றாலும் அதே இடத்தில், அதே செய்தியோடு நிற்கும். ஆனால் இன்று 40-இல் நின்றது, நாளை 73-இல் நிற்கிறது, அதற்கு மறுநாள் சத்தமில்லாமல் முழுதாக முடிந்துவிடுகிறது என்றால் கதை வேறு. கொடுத்ததை மாற்றாமல் கொடுத்தால் நிரலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ள வேண்டும். அதன் நடத்தை நாளுக்கு ஒன்றாக மாறுகிறதென்றால், அது எந்த இயந்திரத்தின் மேல் ஓடுகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

மெமரி என்ற சொல்லோடு திரையில் வரும் செய்திகளையும் ஒரே பையில் போடக் கூடாது. "போதுமான மெமரி இல்லை" என்பது கொள்ளளவு விவகாரம். ஆனால் நாம் நினைக்கிற கொள்ளளவு அல்ல. கேட்கிற நிரலுக்கெல்லாம் இடம் தருவதாக விண்டோஸ் வாக்குக் கொடுக்கிறது. கொடுத்த வாக்குகளின் மொத்தம், ரேமும் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் மெமரியைத் தட்டினால் 'கமிட்டட்' என்ற தலைப்பில் 7.1/9.4 என்பதுபோல இரண்டு எண்கள் தெரியும். முதலாவது இரண்டாவதை நெருங்கிவிட்டால், ரேமில் இன்னும் காலியிடம் இருப்பதாகக் காட்டினாலும் அடுத்து வந்து கேட்கிற நிரலுக்குக் கைவிரிப்புதான். "பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணினா சிஸ்டம் ஸ்பீடாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அணைத்துவைத்த கணினிகள் இதில் மாட்டும். சி டிரைவ் சிவப்பாகிவிட்ட கணினியும் மாட்டும், ஏனென்றால் பேஜ் ஃபைல் வளர அங்கே இடமில்லை. மிக இறுக்கமாகச் சுருக்கிய பெரிய விளையாட்டுகள் (அவை எந்த வழியில் நம் வீடுகளுக்கு வருகின்றன என்பதை இங்கே பேச வேண்டாம்) விரிப்பதற்கு மட்டுமே ஜி.பி. கணக்கில் மெமரி கேட்கும். 4 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் பிரவுசரையும் திறந்துவைத்துக்கொண்டு அவற்றை நிறுவப் பார்ப்பது வீண் முயற்சி. பேஜ் ஃபைலை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டு, சி டிரைவில் ஒரு 20 ஜி.பி.யைக் காலி செய்தால் இந்த வகைத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

தீராத ஒரு வகையும் உண்டு. 32 பிட் நிரல் எண்ணிச் சொல்லக்கூடிய முகவரிகள் 4 ஜி.பி.யோடு முடிந்துவிடுகின்றன, அதிலும் விண்டோஸ் வழக்கமாகப் பாதியைத்தான் நிரலின் கையில் விடும். 16 ஜி.பி. ரேம் வாங்கிப் போட்ட பிறகும் பழைய நிரல் "அவுட் ஆஃப் மெமரி" என்று புலம்புவது இதனால்தான்.

இன்னொன்று, ஒரு நீண்ட முகவரியைக் காட்டி "மெமரியைப் படிக்க முடியவில்லை" என்கிற பெட்டி. பார்க்கப் பயமாக இருக்கும். படிக்க முடியாமல் போனதாகச் சொல்லும் முகவரி முழுக்கப் பூச்சியமாக இருந்தால், நிரல் எழுதியவர் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். இப்படி வழிதவறி வருகிற நிரல்களைப் பிடிப்பதற்காகவே முதல் 64 கிலோபைட்டை விண்டோஸ் யாருக்கும் தராமல் வைத்திருக்கிறது. அந்த நிரலுக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள், ரேமைக் கழற்ற வேண்டாம்.

இனி ரேமே தவறாக நினைவுவைத்திருக்கும் விஷயம். ரேம் சில்லில் ஒரு பிட் என்பது ஒரு நுண்ணிய மின்தேக்கி, அதன் வாசலில் ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அடிப்படை இன்றும் அதேதான். மின்னூட்டம் இருப்பதும் இல்லாததும் 1, 0 என்று கொள்ளப்படும். ஆனால் அந்த மின்தேக்கி ஓர் ஓட்டைக் குடம். நிரப்பி வைத்தது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை எல்லா வரிசைகளையும் படித்துப் படித்து மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 8 ஜி.பி. ரேமில் இப்படி ஏறக்குறைய 6,872 கோடி குடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாகக் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். அதனால் காலையில் ஒழுங்காக இருக்கும் கணினி, சித்திரை மாத மதியத்தில் மட்டும் கிறுக்குப் பிடித்ததுபோல நடக்கலாம்.

ஒரே ஒரு பிட் புரண்டால் என்ன ஆகிவிடும்? யூனிகோடில் 'அ' எழுத்தின் கடைசி எட்டு பிட்கள் 10000101. 'இ'க்கு 10000111. வித்தியாசம் ஒற்றை பிட். ரேமில் அந்த ஒன்று புரண்டால் "அவன் வந்தான்" என்று நீங்கள் தட்டச்சு செய்த வாக்கியம் "இவன் வந்தான்" என்று சேமிக்கப்படும். எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை, எந்த எரரும் வராது. கதை மட்டும் மாறிப்போகும்.

இன்ஸ்டாலர் கோப்பு இப்படி விட்டுக்கொடுக்காது. அதற்குள் இருப்பது சுருக்கப்பட்ட தரவு. "சற்றுமுன் விரித்த பகுதியில் இன்ன இடத்திலிருந்து இத்தனை பைட்டை எடுத்து இங்கே போடு" என்கிற கட்டளைகளாலேயே ஆனது அது. ஒவ்வொரு குறியீட்டின் நீளமும் ஒவ்வொரு மாதிரி. நடுவில் ஒரு பிட் புரண்டால் அடுத்த குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதே தவறிவிடும். அதிலிருந்து வருவதெல்லாம் குப்பை. கடைசியில் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தால் பொருந்தாது. (வெஸ்லி பீட்டர்சன் 1961-இல் வெளியிட்ட கணக்கு, இன்றும் ஜிப் கோப்புகளுக்குக் காவல்.) "கோப்பு சிதைந்துள்ளது" என்று செய்தி வரும். டிஸ்க்கில் உள்ள கோப்போ பழுதில்லாமல் இருக்கும். சினிமா பார்க்கும்போது இதே பிட் புரண்டால் திரையில் ஒரு மூலை சதுரம் சதுரமாகச் சிதறிவிட்டுச் சரியாகிவிடும். நெட் ஸ்லோ என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பார்ப்போம். மற்ற நேரமெல்லாம் நன்றாக ஓடும் கணினி இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் மக்கர் செய்வதன் ரகசியம் இதுதான்.

நிரல்களைக் கம்பைல் செய்வதும் இதே அளவு கண்டிப்பான வேலை. 2022 அக்டோபரில், லினக்ஸ் கர்னலின் 6.1 பதிப்புக்கான வேலை மும்முரமாக நடந்தபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மேசைக் கணினியில் கம்பைலர் காரணமில்லாமல் விழத் தொடங்கியது. புதிதாகச் சேர்த்த வரிகளில் பிழையோ என்று அவருக்கே முதலில் சந்தேகம். கடைசியில் பார்த்தால் ஒரு ரேம் கெட்டுப்போயிருந்தது. மாற்று வரும்வரை மடிக்கணினியில் வேலையை ஓட்டினார். இதில் நகைமுரண் என்னவென்றால், பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் ஈ.சி.சி. ரேமை வீட்டுக் கணினிகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்துவிட்டார்கள் என்று இன்டெல்லைக் கடுமையாகத் திட்டி அவர் எழுதியது அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில்தான். அவருடைய கணினியில் இருந்ததும் ஈ.சி.சி. இல்லாத ரேமே.

பிட் புரள்வதற்குக் காரணம் கேட்டால் பலரும் வானத்தைக் காட்டுவார்கள்: காஸ்மிக் கதிர். பொய்யில்லை. கதிர் வானத்திலிருந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை. 1978-இல் இன்டெல்லின் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், சில்லின் உறையில் கலந்திருந்த மிகச் சிறிதளவு யுரேனியம், தோரியத்திலிருந்து வந்த ஆல்ஃபா துகள்களே பிட்களைப் புரட்டுகின்றன என்று காட்டினார்கள். ஆனால் வீட்டுக் கணினிக்கு இந்தக் காரணம் அநேகமாகத் தேவையே இல்லை. கூகுள் தன் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்கள் பிழை காட்டின. அவற்றில் பெரும்பான்மை கதிர்வீச்சால் வந்ததல்ல, வன்பொருளின் நிரந்தரக் கோளாறு. ஏறத்தாழ 10 லட்சம் நுகர்வோர் கணினிகளை வைத்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் சொன்னது இன்னும் உறைக்கும்: வன்பொருளால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பு, விழாத கணினி முதல்முறை விழும் வாய்ப்பைவிட நூறு மடங்கு வரை அதிகம். "ஒரு தடவைதானே, விடுங்க" என்பது இங்கே செல்லாது.

சந்தேகம் வந்தால் முதலில் செய்யவேண்டியது செலவில்லாத ஒரு சோதனை. செவன்-ஜிப் இருந்தால் பெரிய இன்ஸ்டாலர் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணை எடுத்து எழுதிவையுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி எடுங்கள். ரீஸ்டார்ட் கட்டாயம், இல்லையென்றால் ரேமில் ஏற்கெனவே ஏற்றிவைத்திருக்கும் அதே நகலையே கணினி மறுபடி படிக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்தால் டவுன்லோடு மேல் பழி போடுவதை நிறுத்திவிடலாம். இரண்டும் ஒன்றாக இருந்து, தயாரிப்பாளர் வெளியிட்ட எண்ணோடு மட்டும் பொருந்தவில்லை என்றால் டவுன்லோடுதான் கோளாறு.

அடுத்தது மெம்டெஸ்ட். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் இரக்கப்படும். மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம். பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழும் முன்பே அதிலிருந்து கணினியைக் கிளப்ப வேண்டும், விண்டோஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சோதிக்க வேண்டுமே. நினைவகம் முழுக்க 1, பிறகு முழுக்க 0, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று என்று எழுதித் திரும்பப் படிக்கும். எழுதியது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் முகவரியோடு திரையில் சிவப்பாக ஒரு வரி விழும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் தோல்விதான். பாஸ்மார்க் கணக்கெல்லாம் இதில் கிடையாது.

சிவப்பு விழுந்ததும் புது ரேம் வாங்க ஓட வேண்டாம். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பைப் போட்டிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பெட்டியில் 3600 என்று அச்சிட்ட டி.டி.ஆர்.4 ரேம்கூட அந்த அமைப்பைப் போடாதவரை 2133, 2666 போன்ற நிதான வேகத்தில்தான் ஓடும்; வேகம் கூட்டியதுதான் பல நேரம் வினை. அதன் பிறகும் பிழை என்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்கப் பூச்சுள்ள விளிம்பைப் பென்சில் ரப்பரால் துடைத்து, துகளை ஊதிவிட்டுப் பொருத்தலாம். கடைக்காரர்களின் இந்த வைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. அழுக்குப் படிந்த தொடுமுனைக்கு நிஜமாகவே கேட்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டுமே அந்த ஸ்லாட்டில் மட்டும் தோற்றால் குற்றம் ஸ்லாட்டுடையது.

இதெல்லாம் முடியும்வரை ஃபார்மட் வேண்டாம் என்பதற்குக் காரணம், டிஸ்க்குக்குப் போகிற ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. கெட்ட ரேமோடு போட்ட புது விண்டோஸ், பிறக்கும்போதே சிதைந்த கோப்புகளோடு பிறக்கும். அந்த நிலையில் குடும்பப் புகைப்படங்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு மூலத்தை அழிப்பது அதைவிட ஆபத்து.

ரேம் சுத்தம், மெம்டெஸ்ட் இரவெல்லாம் ஓடியும் ஒரு சிவப்பு வரி இல்லை, ஆனாலும் இன்ஸ்டால் நிற்கிறது என்றால்? 2024-இல் உலகமே பார்த்த உதாரணம் இருக்கிறது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் உள்ள கணினிகளில் அன்ரியல் எஞ்சின் விளையாட்டுகள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி விழுந்தன. கிராஃபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருந்தது. தரவை விரிக்கும்போது பிராசஸரே கணக்கைத் தப்பாகப் போட, அந்தத் தப்பு மெமரிப் பற்றாக்குறை வேஷத்தில் வெளியே வந்தது. கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா தன் வாடிக்கையாளர்களை இன்டெல்லிடம் போகச் சொன்னது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதுதான் காரணம் என்று ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் பயாஸ் வழியாக மைக்ரோகோட் திருத்தம் வந்தது. ஏற்கெனவே பழுதான சில்லை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது என்பதால் உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். அந்தத் தலைமுறைப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸை இன்னும் புதுப்பிக்கவில்லை என்றால் இன்றே செய்யலாம்.

குற்றவாளி ரேம்தான் என்று உறுதியானால் செலவு அநேகமாக இருக்காது. தனியாக விற்கும் ரேம்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் ஆயுள்கால உத்தரவாதம் தருகிறார்கள். மெம்டெஸ்டின் சிவப்புத் திரையையும் ரேமின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஜோடியாக வாங்கியிருந்தால் நல்லதையும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள். கடை பில் இருந்தால் வேலை சுலபம். மதர்போர்டிலேயே ரேமை ஒட்டவைத்த மெல்லிய லேப்டாப்களுக்கு இந்த வழி இல்லை. அவற்றில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: மெம்டெஸ்ட் காட்டிய கெட்ட முகவரிகளை பூட் அமைப்பில் எழுதிவைத்தால், கர்னல் அந்தப் பகுதியைத் தொடாமல் மீதி ரேமில் ஓடும்.