கொல்லைப்புறத்துக் குளவி

குளவியைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடுவது நம்மவர் இயல்பு. நானும் முப்பத்து நான்கு ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்தேன். இரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் எனக்குப் பள்ளியிறுதி வகுப்புக்கு மேற்பட்ட கல்வியில்லை. உயிர்நூற் பயிற்சியும் இல்லை. எனினும் காரக்பூர் இரயில்வே குடியிருப்பில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சில வார காலம் கண்டவற்றை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2023-ஆம் ஆண்டு ஆனித் திங்களில், மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என் அன்னையார் எங்களுடன் தங்க வந்தார். அதற்கு முந்திய ஆண்டில் எங்களுக்கு ஓர் இழப்பு நேர்ந்திருந்தது. அதனை விரித்துரைக்க விரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து நானும் என் மனைவியும் வெறுங்கையுடன் திரும்பினோம் என்று மட்டும் சொல்லி அமைகிறேன். எட்டு வயது மகள் ஒருத்தி இருப்பினும், அன்னையாரின் உள்ளம் அடுத்த குழந்தையையே நாடியிருந்தது.

அவர் வந்த மூன்றாம் நாள், கொல்லைக் கதவின் மேற்சட்டத்தில் ஒரு குளவி மண் அப்பத் தொடங்கிற்று. நான் அதைத் தட்டிவிட எழுந்தேன். "தொடாதேயடா! குளவி கூடு கட்டிய வீட்டில் தொட்டில் ஆடும்" என்று அன்னையார் தடுத்தார். பிறகு அண்ணாந்து நோக்கி, "செம்மண்ணாக அல்லவா இருக்கிறது!" என்று பெருமூச்சு விட்டார். களிமண்ணாற் கட்டினால் ஆண், செம்மண்ணாற் கட்டினால் பெண் என்பது அவர் ஊர்க் கணக்கு. காரக்பூரிலோ எங்குப் பார்த்தாலும் செம்மண். குளவி பாவம், களிமண்ணுக்கு எங்கே போகும்?

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை அவள் துடைப்பத்துடன் அக்கதவருகே நிற்கக் கண்டேன். முதல்நாள் மாலை கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று நன்கு அமைந்திருந்ததால், "இன்னும் சில நாள் பொறு" என்றேன். "உங்களுக்குப் படம் வேண்டும். அந்தக் கூட்டைக் காட்டிக் காட்டிச் சொல்லும் சொல்லை நானல்லவா நாள்தோறும் கேட்க வேண்டியிருக்கிறது?" என்றாள். அவள் கேட்டது நியாயமே. எனினும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே சென்றாள். இவ்வாறுதான் அக்குளவி பிழைத்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கே எனக்கு அலுவல் தொடங்குமாதலால் காலைப்பொழுது ஓய்வாக இருந்தது. ஒரு முக்காலியில் ஏறி நின்று நாள்தோறும் படம் எடுக்கலானேன். ஓரங்குலத்தை எட்டும் கரிய உடல், அதில் மஞ்சட் குறிகள், மஞ்சள் தோய்ந்த கால்கள், மார்பையும் வயிற்றையும் இணைக்கும் நூல் போன்ற இடை. இதன் அறிவியற் பெயரைத் தேடியறிந்தபோது வியப்புற்றேன். ஸ்கெலிப்ரான் மதராஸ்பட்டானம் என்பது அப்பெயர். டென்மார்க்கு நாட்டு அறிஞர் பாப்ரீசியஸ் 1781-ஆம் ஆண்டில் இதற்கு மதராசப்பட்டினத்தின் பெயரைச் சூட்டினார். வங்கத்து மண்ணில் வீடு கட்டி வாழும் இவ்வுயிரும் பெயரளவில் நம்மூரைச் சேர்ந்ததே!

படமெடுக்க விரும்பும் அன்பர்கட்கு நான் கற்ற சில பாடங்கள்: வெயில் ஏறுமுன் எடுத்தல் நன்று. நம் நிழல் கூட்டின்மேல் விழலாகாது. கையை விரைந்து அசைக்கலாகாது. பிளாஷ் விளக்கு வேண்டாம். ஒரு எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்து ஒளியைத் திருப்பினால் போதும். கைப்பேசியின்மேல் பொருத்தும் சிறு உருப்பெருக்கி வில்லை பேருதவி செய்யும்.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. தனித்து வாழும் மண்குளவி தன் கூட்டைக் காக்கப் போர் தொடுப்பதில்லை. கையால் பிடித்தாலன்றிக் கொட்டுவது அரிது. ஆனால் கூட்டமாக வாழும் கதண்டு அவ்வாறன்று. கரிய உடலும் வயிற்றில் அகன்ற மஞ்சட் பட்டையும் உடைய பெருங்கதண்டின் கூட்டைக் கலைத்தால் பல ஒருங்கே பாய்ந்து கொட்டும், உயிர்ச்சேதமும் நேரும். அதன் அருகில் குழந்தைகளை விடலாகாது. படமெடுக்கும் ஆசையும் கூடாது.

எங்கள் குளவி, குழாயடி ஈரத்தில் இறங்கி, ரீங்காரமிட்டவாறே மண்ணை உருட்டி, வாயில் கவ்விக் கொண்டுவரும். வந்த முறைகளை என் மகள் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தாள். அவள் பள்ளியில் பயில்வது இந்தியும் ஆங்கிலமும். தமிழ் வீட்டில் கற்பதே. "குழவி 26 முறை மண் கொண்டு வந்தது" என்று எழுதியிருந்தாள். "அம்மிக் குழவியா மண் சுமக்கிறது?" என்று அன்னையார் சிரித்தார். என் மனைவியோ, "குழவி என்றால் குழந்தை என்றும் பொருள்" என்று மெல்லக் கூறி, ழகரத்தை அடித்து ளகரமாகத் திருத்திக் கொடுத்தாள். மறுநாள் முதல் தட்டைப் பிடித்து ஒளி காட்டியவள் அவளே.

ஓர் அறை முடிந்ததும் குளவி சிலந்திகளைக் கொண்டுவந்து திணித்தது. பிறகு மண்ணால் வாயை அடைத்து, அடுத்த அறையைத் தொடங்கியது. இவ்வாறு ஐந்து அறைகள். குளவி புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப் போலாக்கும் என்று சிறுவயதில் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இங்கே புழுவையே காணோமே என்ற ஐயம் எழுந்தது. பார்சல் அலுவலகத்தில் ஏற்றிய சரக்கு ஒன்று, இறங்கிய சரக்கு வேறொன்று என்றால் எந்தக் குமாஸ்தாவும் ஒப்பான். இடையில் நடந்ததென்ன என்றே கேட்பான். ஐந்தாம் அறை மூடப்பட்ட அன்று மாலை, அதன் பக்கச் சுவரைப் பேனாக்கத்தியால் சிறிது பெயர்த்து, கண்ணாடிச் சில்லொன்றை ஒட்டி, அதன்மேல் கறுப்புத் தாளைத் தொங்கவிட்டேன்.

உள்ளே பதினொரு சிலந்திகள். துரும்பால் தொட்டபோது சில கால்களை இலேசாக அசைத்தன. அவை இறக்கவில்லை; குளவியின் நஞ்சால் செயலிழந்து கிடந்தன. ஆதலால் அழுகவும் இல்லை. ஒரு சிலந்தியின் வயிற்றின்மேல் வளைந்த வெண்ணிற முட்டை ஒன்று, சிறு அரிசி நொய் போல ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் முட்டையிலிருந்து புழு வெளிப்பட்டது. ஒரு வாரத்துக்குள் சிலந்திகளனைத்தையும் உண்டு கொழுத்தது. பின்னர்ப் பழுப்பு நிறக் கூடு நூற்று அதனுள் அடங்கிற்று. நான்காம் வாரம் மற்ற அறைகளுள் ஒன்றின் மண்ணைக் கடித்துத் துளைத்துக்கொண்டு இளங்குளவி தலைநீட்டியது. அந்தப் படம் சற்றே மங்கலாக விழுந்தது. என் கை நடுங்கியதே காரணம்.

எனவே, கொட்டப்பட்ட உயிர் குளவியாவதில்லை, அது உணவு. குளவியாவது குளவியின் முட்டையே. வேறு சில குளவிகள் சிலந்திக்குப் பதிலாகப் பச்சைப் புழுக்களைக் கொணர்ந்து சேர்க்கும். அவற்றைக் கண்டே முன்னோர் அவ்வாறு எண்ணினர் போலும். உள்ளே சென்ற புழுவையும் வெளியே வந்த குளவியையும் அவர்கள் கண்டது மெய்யே. இடையில் நிகழ்ந்ததை மண்சுவர் மறைத்தது. பள்ளியாசிரியராக இருந்த பிரெஞ்சு நாட்டு பாபர் (1823–1915) இத்தகைய குளவிகளைப் பல்லாண்டுகள் பொறுமையுடன் நோக்கி, பூச்சிகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார்.

படங்களை வரிசைப்படுத்தி ஒரு மாலை அன்னையாருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "தாய்க்குளவி எங்கே?" என்று கேட்டார். "கூட்டைப் பூசி முடித்ததும் போய்விட்டது, அம்மா. தன் பிள்ளையின் முகத்தை அது பார்ப்பதில்லை" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் அது நமக்குச் சேதி சொல்ல வரவில்லை. தன் பிள்ளைக்குச் சோறு கட்டிவைக்க வந்திருக்கிறது" என்றார். அருகில் நின்ற என் மனைவியை அழைத்துத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். ஊர் திரும்பும்வரை தொட்டிற் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

மறு ஆண்டு மழை தொடங்கியபோது, "குழாயடியில் குளவி வந்துவிட்டது, தட்டை எடுத்து வரட்டுமா?" என்று என்னைக் காலையில் எழுப்பியவள் என் மனைவியே. அன்பர்களும் விளக்குமாற்றை எடுக்குமுன் தத்தம் கொல்லைப்புறத்தைச் சில நாள் நோக்குவார்களாக. குழந்தைகளின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுங்கள்; எழுத்துப் பிழைகளை மெல்லத் திருத்திக்கொள்ளலாம்.